தூற்றும் காற்றாடிக்கு இரண்டு வேகம்

சங்கத்துக்கும் மிராசுக்கும் கூலிச் சண்டை முற்றியிருந்த காலம். வலங்கைமானில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் நான் வேலை பார்த்தேன். குடியிருந்தது மிராசுதாருடைய மனையில். பட்டா எங்களுக்கு இன்னும் வரவில்லை.

அவர் ஒருநாள் கூப்பிட்டனுப்பி, நெல் தூற்ற இரண்டு வேகத்தில் ஓடும் காற்றாடி வேண்டும் என்றார். சன்ன நெல்லுக்கு மெதுவாக, மோட்டா ரகத்துக்கு வேகமாக. களத்தில் இருந்ததோ சிங்கிள் பேஸ் கரண்டு; அதில் மோட்டார் தானாகக் கிளம்பாது, கிளப்பிவிடத் தனியாக ஒரு ஸ்டார்ட்டிங் காயில் வேண்டும். அறுவடைக்குள் முடியாவிட்டால் மனையை ஒழித்துக் கொடுத்துவிடு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் களத்தில் கூலிக்குத் தூற்றும் பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. சோறு போடும்போது கேட்டாள்.

“நெல்ல மெஷின் தூத்துனா நாங்க என்னங்க பண்றது? உக்காந்து உங்களத் தூத்துறதா?”

மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். மோட்டார் ஓட வேண்டும் என்று கேட்பதா, ஓடக்கூடாது என்று கேட்பதா? அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஒரே மோட்டாரில் வேகத்துக்கு நாலு போல் காயிலையும் மெதுவுக்கு ஆறு போல் காயிலையும் சேர்த்துக் கட்டினேன். வேகத்தில் நன்றாக ஓடியது. மெதுவில் போட்டால் புகைந்தது. மோட்டாரைக் கிளப்பிவிட்டதும் ஸ்டார்ட்டிங் காயில் விலகிவிட வேண்டும். அதை விலக்கும் சுவிட்ச் நல்ல சுழற்சி இருந்தால்தான் விரியும். மெது வேகம் அதற்குப் போதவில்லை. காயில் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெந்தது. கடைசியில், வேகத்தில் கிளப்பி, சுவிட்ச் விலகும் சத்தம் கேட்டபின் மெதுவுக்கு மாற்றுவது என்று வைத்தேன்.

களத்தில் ஓட்டிக் காட்டியபோது பெண்கள் கூடையைத் தொடவில்லை. காரியஸ்தர்தான் நெல்லைச் சாய்த்தார். பதர் தனியே பறந்தது. மறுநாள் காரியஸ்தரே நேராக மெதுவில் போட்டு, காயிலை எரித்துவிட்டார்.

திரும்பக் கட்டிக்கொண்டு போனேன். மிராசுதார், “இனிமே நீதாம்ப்பா நின்னு போடணும். மனையப் பத்தி நெனைக்காத, இங்கயே இரு” என்றார். அன்று மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

“போன்னு சொல்லியிருந்தா எங்கயாவது போயிருக்கலாங்க” என்றாள்.

அவளும் மற்றப் பெண்களும் அந்த அறுவடைக்கு வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார்கள். தினமும் காலையில் அவர்கள் போகும் வழி களத்தை ஒட்டித்தான். சுவிட்ச் விலகும் சத்தத்துக்குக் காது கொடுத்து நான் குனிந்து நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலிருக்க அது ஒரு சாக்காக இருந்தது.