அழிக்கிற பட்டன்

குருபரப்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருந்த தஸ்தகீரின் மூத்த மகள் ஃபகருன்னிசாவுக்கு, சூப்பர்வைசர் கோவிந்தனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? 1998-இல் மூக்கண்டப்பள்ளி பிரேக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்த நாள் முதல், அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏ டைப்பு" என்பார்.

இன்ஸ்பெக்ஷனில் கழித்துப் போட்ட பாகங்களை டேட்டாபேஸில் ஏற்றுவது அவள் வேலை. மாதக் கடைசியில் பார்த்தால் கோவிந்தன் ஷிப்டு வரிகள் மட்டும் காணாமல் போயிருக்கும். இரண்டு தடவை மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவ ஏத்தாம விட்டா வேலைக்கே வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டிருந்தார். அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் டீக்குப் போனவள் பாதியில் திரும்பியபோது கண்ணாலேயே பார்த்தாள். தன் ஷிப்டில் கழிவே இல்லை என்று காட்ட, கோவிந்தன் மவுஸைப் பிடித்து, திரைக்கு மேலே டூல்பாரில் பெருக்கல் குறி போட்ட அழிக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருட சர்வீஸ்காரர். சொன்னால் யார் நம்புவார்கள்?

கீபோர்டை மட்டும் அவர் தொடவே மாட்டார். "தட்டறதெல்லாம் பொம்பள வேல" என்று எல்லார் எதிரிலும் சொல்லிச் சிரிப்பார். அந்த இளக்காரம் அவளுக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் டூல்பாரை மாற்றியமைக்கிற கஸ்டமைஸ் பெட்டியைத் திறந்து, அந்தப் பட்டனை மவுஸால் பிடித்து டூல்பாருக்கு வெளியே இழுத்துப் போட்டாள். மெனுவிலிருந்தும் எடுத்தாள். கீபோர்டில் அதே வேலையைச் செய்கிற டெலிட் கீ அப்படியேதான் இருந்தது. அதை அவருக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

மாதக் கடைசி வந்தது. மேனேஜர் ரிப்போர்ட் கேட்டு வருகிற காலை அவள் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அவள் நாற்காலியில் கோவிந்தன் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"எங்கடி அந்தப் பட்டன்? யாரக் கேட்டு எடுத்த?" ஹால் முழுக்கக் கேட்டது.

"எந்தப் பட்டன்?" என்றார், வாசலில் வந்து நின்ற மேனேஜர்.

"அதான் சார், அழிக்கற..." கோவிந்தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றார் மேனேஜர்.

மேனேஜர் ஃபகருன்னிசாவிடம் இன்ஸ்பெக்ஷன் தாளை வாங்கித் திரையோடு ஒத்துப் பார்த்தார். கோவிந்தன் ஷிப்டில் நாற்பத்தொரு வரி. ஒன்றும் குறையவில்லை.

"திரும்ப வெச்சுடட்டுமா சார்?" என்று ஃபகருன்னிசா கோவிந்தனைப் பார்த்தே கேட்டாள். அவரை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.