தூண் பார்க்க வந்தவர்

“தூணப் பாக்க வந்தேன் சார்” என்று அந்த மனிதர் சொன்னதும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவள் ஒருத்திதான், எங்கள் ஐந்தாம் வகுப்பு லீடர். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேத்தூர்ப் பக்கம் செங்கல் அறுத்தவர்களின் மகன். வரலாறு என்றால் நடந்ததை நடந்தபடி சொல்வது என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அந்த வேகத்தில்தான் மார்கழியில் பிள்ளைகளை பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். அரண்மனைக்குள் அப்போது கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. பருத்த தூண்களின் அடியில் வாய்தாவுக்கு வந்தவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜா காலத்திலும் ஜனங்கள் இப்படித்தான் நீதி கேட்டுக் காத்திருந்தார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தனியாக இருந்த ஒருவரிடம் போய், “அண்ணாச்சி, நீங்க என்ன விஷயமா வந்திருக்கீங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பார்வை ஓரிடத்தில் நின்றது. அப்புறம்தான் அந்தப் பதில். எழுந்து தூணைத் தட்டி, “எம்புட்டு பெருசு, பாருங்க” என்று வேறு காட்டினார்.

“ஏலே, தூணப் பாக்க பஸ் ஏறி வந்திருக்காராம்லே!”

“கோட்டிப்பயலே, நாமளும் அதுக்குத்தான வந்திருக்கோம்!”

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ பிள்ளைகளோடு அங்கே போய்விட்டேன். அங்கே காத்திருந்தவர்களிடம் அப்புறம் எதுவும் கேட்டதில்லை. பாடத்தை ஒப்பித்துவிட்டு, தலைகளை எண்ணி, பஸ் ஏற்றிவிடுகிறேன். முன்பிருந்த வேகம் இல்லை.

அந்த முதல் வருடப் பொங்கல் விழாவுக்குப் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தோம். ‘அரண்மனையில் பொங்கல்’ என்று தலைப்புக் கொடுத்து, பார்த்தது எதையும் விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னேன். ராஜா கரண்டியோடு நின்றார், பஸ்ஸுக்கு மாட்டுக் கொம்பு முளைத்தது. லீடரின் படத்தில் தூண்தோறும் கரும்பு கட்டியிருந்தது, பானை பொங்கி வழிந்தது, ஒரு தூணடியில் ஈர்க்குச்சி போல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆரஞ்சும் பச்சையுமாக ஓர் ஒயர் கூடை. தலைமையாசிரியர் அதற்கே முதல் பரிசு என்று சொல்லி, மைதாப் பசை தடவி வராந்தாச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். சத்துணவு மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு அவள் மட்டும் நின்றாள்.

“சார், அது எங்கப்பா.”

பசைக் கையோடு படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“கோயம்புத்தூர் மில்லுல வேல கெடச்சிருச்சின்னு சொல்லிட்டுத்தான் சார் போனாக. எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராதிய.”

“அப்பொறம் ஏன் தாயி வரஞ்ச?”

“பாத்தத விடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய.”

படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். “கிழிக்காதிய சார்,” என்று கையைப் பிடித்தாள். “அப்பா மேலதான் பச நெறைய இருக்கு.”

ராஜபாளையத்தில் அவர் முன்பு வேலை பார்த்த மில்லின் கேட்டில் நடந்த ஓர் அடிதடியில் அவர் பெயரும் சேர்ந்து, கேஸாகி, வேலை போயிருந்தது என்பதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டேன். மறுநாள் விழாவுக்குத் தாய்மார்கள் வந்தார்கள். அவள் அம்மா நேரே முதல் பரிசுப் படத்தின் முன்னால் போய் நின்றார். அவர் கேட்காமலே நான் ஓடிப் போய்ச் சொன்னேன்: “அது ராஜா காலத்து ஆளும்மா. நீதி கேட்டு வந்தவரு.”

“ராஜா காலத்துலயே ஒயர் கூட வந்துருச்சா சார்?” அவர் விரல் கூடையின் மேல் இருந்தது. “இது நான் பின்னுன கலரு.”

மகள் அவரை எங்கே வைத்துப் பார்த்தாள் என்று கேட்டார். கோர்ட்டு என்றேன்.

“நெசமாவே இப்பிடித்தான் மெலிஞ்சிருக்காகளா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருக்காரு.” உண்மையில் எனக்கு அந்த முகமே நினைவில் இல்லை.

“நான் பாத்தேன்னு பிள்ளகிட்ட சொல்லிராதிய சார். பாவம், ஒத்தையில இத மறச்சிக்கிட்டுத் திரியுது.”

அதற்குள் லீடர் இலையில் பொங்கலோடு ஓடி வந்து, படத்தை முதுகால் மறைத்தபடி நின்றாள். அம்மா மகளின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டார்.

“ஏட்டி, ஒன் படம் எங்க இருக்கு? இன்னும் பாக்கவே இல்லியே.”

“அது சும்மாம்மா. வா, பொங்க ஆறிரும்.”

“சரி, வாரேன்” என்று சொல்லி அம்மா அவள் பின்னால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.