அம்மாவின் லூடோவுக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். முதலில் பத்தாவது தேறியவள், முதலில் திருப்பதிக்கு பஸ் பாஸ் எடுத்தவள், முதலில் பொறியியல் பட்டம் வாங்கியவள். அதுவும் எலக்ட்ரானிக்ஸும் தகவல் தொடர்பும். இந்தப் பட்டியலை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை என்று இங்கே எழுதலாம்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் யாராவது படித்துக்காட்டிவிடுவார்கள்.

பெங்களூர் அலுவலகம் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன வருஷம், மடிக்கணினியோடு புத்தூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்துக்குத் திரும்பினேன். வந்த வாரமே கேபிள்காரரைப் பிடித்து வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் இணைப்பு. வைஃபை டப்பாவுக்கு அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருந்தாள். நான் மறுத்துவிட்டு, பாடப்புத்தகத்தில் சொன்னபடி வீட்டின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். அதை நான் தடுக்கவில்லை. பொட்டு சிக்னலை மறைக்காது.

அந்த இணைப்பு அலுவலகத்துக்காகப் போட்டது. ஆனால் அதை உண்மையில் எதிர்பார்த்துக் காத்திருந்தவள் அம்மாதான், அதுவும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டார் குடும்பத்தோடு பெரியவர் வீட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒன்றரை மணி, நமக்கு நாலு. அந்த ஒரு மணி நேரம் சின்னம்மாவுடையது. அதில் அவள் அம்மாவோடு போனில் லூடோ ஆடுவாள். ஆடிக்கொண்டே பேசுவதற்கு அந்த ஆட்டத்திலேயே மைக் உண்டு. சும்மா போன் செய்தால் இரண்டு பேருக்கும் 'துன்னியா, தூங்கினியா' என்பதற்கு மேல் பேச்சு வராது. காயை நகர்த்தும்போதுதான் முழங்கால் வலி, அந்த வீட்டுப் பெரியம்மாவின் குணம், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை எல்லாம் வெளியே வரும். நான் பொறியியல் சேர்ந்த வருஷம்தான் சின்னம்மா விமானம் ஏறினாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதுவரை அவர்கள் மொபைல் டேட்டாவில்தான் ஆடினார்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடம் தேடி அம்மா கிணற்று மேட்டில் போய் உட்காருவாள். இனி அந்த அலைச்சல் வேண்டாம் என்று அவள் போனை வைஃபையில் சேர்த்துவிட்டேன். அன்றைக்கே கோளாறு தொடங்கியது. பகடையைத் தொட்டால் உருளாது. திரையில் ஒரு வட்டம் சுற்றும்.

"சக்கரம் சுத்திக்கினே கீது" என்றாள் அம்மா.

அதற்குப் பெயர் லாக், அதாவது தாமதம், என்று சொல்லிக் கொடுத்தேன். பெயர் தெரிந்த பிறகும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறைக்கும் சில நொடிதான் அவகாசம். தவறினால் முறை போய்விடும். தொடர்ந்து தவறினால் ஆட்டத்தை விட்டே வெளியே தள்ளிவிடும், மைக்கும் கூடவே போய்விடும். குவைத்தில் சின்னம்மாவின் திரையில் அக்காள் எழுந்து போய்விட்டதாகக் காட்டி வெற்றிக் கொம்பு ஊதும்.

சின்னம்மாவுக்கு அது புதிதல்ல. சின்ன வயதில் தரையில் கட்டம் கிழித்துத் தாயம் ஆடும்போது, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அம்மா காலால் கட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போவாளாம். இதை அம்மாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் களத்தில் இறங்கினேன். முதல் வெள்ளிக்கிழமை, பின்கட்டுத் துவைகல்லில் உட்கார்ந்து ஆடிய அம்மாவைக் கூடத்துக்கு இடம் மாற்றினேன். அடுத்த வாரம், பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதாமல் இருக்க அலைவரிசையை மாற்றினேன். பக்கத்து வீட்டில் வைஃபை கிடையாது, எருமைதான் இருந்தது. இருந்தாலும் புத்தகத்தில் இருப்பதைச் செய்துவிட வேண்டுமல்லவா? மூன்றாவது வாரம் கேபிள்காரரை வரவழைத்தேன். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "லைன்லோ ப்ராப்ளம் லேது மேடம்" என்று தெலுங்கில் சொன்னார், லைனில் கோளாறு இல்லையாம். நான் அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். பாவம், ஒயரை மாற்றிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேகத்தைச் சோதித்துக் குறித்து வைத்தேன். சோதனையின்போது வேறெந்தக் கருவியும் இணைப்பில் இருக்கக் கூடாது என்பது விதி. விதிப்படி என் மடிக்கணினியை முதலில் வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு, என் போனில் சோதிப்பேன். எண்கள் அபாரமாக இருக்கும். மடிக்கணினியை மறுபடி சேர்த்துவிட்டு வேலைக்கு உட்காருவேன். நாலு மணிக்குச் சக்கரம் சுற்றும்.

நாலாவது வெள்ளிக்கிழமையும் அம்மா பாதியில் வெளியே தள்ளப்பட்டாள். அவளுக்கு இரண்டு காய்தான் வெளியே வந்திருந்தன, சின்னம்மாவுக்கு மூன்று காய் பழமாகியிருந்தன. ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. சின்னம்மா.

"உங்கம்மா நெட்டு மேல பழி போடறா. நீ படிச்சவ, நீ சொல்லு. நெட்டு சரியா கீதா, இல்லியா?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையில் எண்கள் எழுதிய தாள் இருந்தது. நாலு வாரத்து வேலை. கோளாறு இருக்கிறது என்று சொன்னால் அதை நான் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகும்.

"நெட்டுல ஒரு குறையும் இல்ல சின்னம்மா" என்றேன்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லா படிச்ச" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னம்மா ஆட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மா கூப்பிட்டபோது துணி தேய்க்க வேண்டியிருக்கிறது என்றாளாம். நாலு மணிக்கு அம்மா கூடத்தில் நான் காட்டிய அதே இடத்தில் போனோடு உட்காருவாள், கால் மணி நேரம் கழித்து எழுந்து போவாள். வேலையில் மூழ்கியிருப்பதாகக் காட்டிக்கொள்ள நான் நிறையத் தட்டச்சு செய்தேன்.

சின்னம்மா வராத மூன்றாவது வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை. மடிக்கணினி பையைவிட்டு வெளியே வரவில்லை. காத்திருந்து சலித்த அம்மா, முகம் தெரியாத யாரோ ஒருவரோடு ஆடினாள். சக்கரம் சுற்றவேயில்லை. பகடை தொட்டவுடன் உருண்டது. அம்மா ஜெயித்தாள். அலைவரிசையை மாற்றியது கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நான் மனசுக்குள் என் தோளைத் தட்டிக்கொண்டேன். சின்னம்மாவிடம் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேலை நாள். அம்மா அதே போல் யாரோடோ ஆட உட்கார்ந்தாள். சக்கரம் சுற்றியது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது என் திரையின் கீழ்மூலை கண்ணில் பட்டது. மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி, பக்கத்தில் ஓடும் எண்கள். அலுவலகம் என் மடிக்கணினியில் இருக்கும் அந்த வாரத்துக் கோப்புகளையெல்லாம் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பிரதி எடுத்துத் தன் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த நாளன்று நான்தான் அதற்குச் சம்மதம் அழுத்தியிருந்தேன்.

எங்கள் இணைப்பில் கீழே இறங்கும் பாதை அகலம், மேலே ஏறும் பாதை குறுகல். அந்தக் குறுகல் முழுவதையும் என் கோப்புகள் அடைத்துக்கொண்டு போக, அம்மாவின் பகடை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது. திருமலையில் சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவர்கள் போய்க்கொண்டே இருக்க, தர்ம தரிசன வரிசையில் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்போமே, அது போல. ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் குற்றவாளியை நானே மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் திருடன் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. பிரதி எடுக்கும் நேரத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றினேன். வைஃபை டப்பாவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. முதல் இடத்தில் அம்மாவின் போனைப் போட்டேன். என் மடிக்கணினியை இரண்டாவதாக வைத்தேன். எதிலும் இரண்டாவதாக வந்து எனக்குப் பழக்கமில்லை.

அதைவிடக் கஷ்டமான வேலை பாக்கி இருந்தது. சின்னம்மாவுக்கும் படிக்கத் தெரியாது என்பதால் குரலில்தான் செய்தி அனுப்ப வேண்டும். மூன்று முறை பதிவு செய்து அழித்தேன். கேட்டுப் பார்த்தால் மூன்றும் வகுப்பில் பாடம் எடுப்பது போல இருந்தன, குற்றம் எப்படியோ தொழில்நுட்பத்தின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. நாலாவது முறை, "அம்மா எழுந்து போகல சின்னம்மா. நெட்டை அடைச்சுக்கினு இருந்தது என் கம்ப்யூட்டர். தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் முழுக்கப் பதிலில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அம்மாவின் போனில் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அம்மா எடுத்ததும் சின்னம்மா முதலில் கேட்டது, "அவ கம்ப்யூட்டர மூடிட்டாளா?" என்றுதான். அம்மா என்னைப் பார்த்தாள். மூடினேன். தேவையில்லைதான், நான் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. ஆனால் அதை விளக்கும் தகுதி அந்த வாரம் எனக்கு இல்லை.

அன்றைக்கு ஒரு மணி நேரம் முழுவதும் ஆடினார்கள். அம்மா தோற்றாள், கலைக்காமல். சின்னம்மாவின் முழங்காலுக்கு அந்த வீட்டுப் பெரியம்மா வாங்கிக் கொடுத்த தைலத்தின் வாசம் வரைக்கும் பேச்சு போனது.

இதெல்லாம் நடந்து வெகு நாட்களுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றாள். நாலாவதில் பழத்துக்குப் போகும் பாதையில் நுழைய இரண்டே கட்டம் இருந்த அவளுடைய கடைசிக் காயைச் சின்னம்மா வெட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆட்டத்தை மூடினாள். என் போன் அடித்தது.

"லாக்குன்னு சொல்லப் போறா பாரு" என்றாள் சின்னம்மா.

"லாக்கு" என்றாள் அம்மா கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, சத்தமாக, நான் சொல்லிக்கொடுத்த சொல்லை.

"நீ சொல்லு. நெட்டு சரியா கீதா, இல்லியா?"

என் மடிக்கணினியில் இணைப்பின் வேகத்தைக் காட்டும் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லாத நேர்கோடு. அந்த இணைப்பைப் போட்டதிலிருந்து அவ்வளவு நன்றாக அது ஓடியதில்லை, அதை அப்படி ஓடவைத்தவள் நான்.

"ஆமா சின்னம்மா. நெட்டு கொஞ்சம் மோசந்தான்" என்றேன்.

சின்னம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வது எனக்குக் கேட்டது.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். முதல்லேர்ந்து போடச் சொல்லு."

அம்மா ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாள்.