பாட்டுக்காரர் தலைக்கு மேலே

மேடை கட்டும் ஆட்கள் அவனைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு உயரமானாலும் ஒட்டிக்கொண்டு போய்விடுவான். ஏறும்போது அவனுக்குப் பயமே கிடையாது. இறங்கிய பிறகுதான் அது வரும். எல்லாவற்றையும் இறுக்கினோமா, எதையாவது விட்டுவிட்டோமா என்று படுத்தபடியே மனசுக்குள் மறுபடி ஏறுவான். ஒருமுறை ஒத்திகையையே நிறுத்தச் சொல்லி மேலே போய்ப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து, "பல்லி சொல்லிடுச்சா? அப்ப டீ குடிக்கப் போலாம்" என்பது அவர்களுக்குள் நிரந்தரக் கேலி.

இத்தனை மேடை கட்டியவன் ஒரு கச்சேரியைக்கூட எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்தப் பாட்டுக்காரர் என்றதும் மனைவி விடவில்லை. தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுகிறவர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பெரிய பெயர். இப்போது தாடியெல்லாம் பஞ்சு. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதும் அவள் உதட்டில் அவர் பாட்டுதான் இருக்கும்.

"இன்னிக்கு ஒரு நாள் எந்திரிச்சு ஓடக் கூடாது. உக்காந்தா உக்காந்த இடம்" என்று சொல்லியே கூட்டி வந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. முக்காலியில் வந்து உட்கார்ந்தவர் முதல் பாட்டைத் தொடங்கினார். பல்லவி முடிவதற்குள் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"கைக்குட்டை இருக்கா?"

கால்சட்டைப் பைக்குள் கை விட்டான். விரலில் ஏதோ குத்தியது. வெளியே எடுத்துப் பார்த்தான். கிளிப்.

கொண்டை ஊசி போல வளைந்த கம்பி, அவ்வளவுதான். விளக்குகள் தொங்கும் அலுமினியச் சட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் கோப்பார்கள். மூட்டில் இரும்புப் பின்னைக் கையால் நுழைத்து, சுத்தியலால் அடித்து இறுக்கி, அதிர்வில் அது கழன்று வராமலிருக்க இந்தக் கிளிப்பை மாட்ட வேண்டும். மாட்டும்வரை கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொள்வது அவன் பழக்கம். மதியம் நடு மூட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீலச் சட்டையை இஸ்திரி போடவா, வெள்ளையையா என்று இவள்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயில் இருந்ததை எடுத்தான். நீலம் என்றான். அதற்குப் பிறகு பின்னை அடித்தானா?

நினைவு வரவில்லை. எவ்வளவு துழாவியும் இஸ்திரி போட்ட நீலச் சட்டைதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

அண்ணாந்து பார்த்தான். சிவப்பு வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. நடு மூட்டுக்கு நேர் கீழே முக்காலி. முக்காலியில் அந்த நரைத்த தலை. சட்டம் விழ வேண்டாம், விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த இரும்புப் பின் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலே போதும்.

இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் அடியும் அவன் விலா எலும்பில் இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பின் ஒரு மயிரிழை வெளியே நகர்ந்தது; இங்கிருந்தே அவனால் அதைக் கேட்க முடிந்தது. பையில் கிளிப் கிடப்பது புதிதா என்ன, மிச்சம் மீதி கிடக்கும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். இப்போது போய் நின்றால், அதுவும் வெறும் பயம் என்று ஆகிவிட்டால், நாளை எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

அவள் திரும்பினாள். "என்னங்க, இப்படி வேர்க்குது?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "மேல மாட்ட வேண்டியது."

"எங்க?"

"அவர் தலைக்கு நேரா."

கிளிப்பைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். "அப்புறம் ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?"

"நீதானே எந்திரிக்கக் கூடாதுன்ன..."

"போங்கன்னா போங்க."

மேடையின் பக்கவாட்டில் மேஸ்திரி கைகட்டி நின்றிருந்தார். இவனைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "வந்துட்டியா? டிக்கெட் வாங்கி உக்காந்தும் அடங்கலையா உனக்கு?"

"அண்ணே, நடு மூட்டு. பின்னை அடிச்சேனான்னு தெரியல." கிளிப்பை அவர் கையில் வைத்தான்.

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. பாட்டு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அழுக்குப் பனியனோடு மேடையில் நடந்துபோய் பாட்டுக்காரர் காதில் ஏதோ சொன்னார். டிரம்ஸ் நின்றது. பாட்டுக்காரர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். பிறகு மைக்கில், "மேல ஒருத்தருக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்காம். அதுவரைக்கும் நான் உங்ககிட்ட வந்துடறேன்" என்று கிட்டாரோடு படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே போனார். சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன.

மேஸ்திரி நீட்டிய சுத்தியலையும் கிளிப்பையும் வாங்கிக்கொண்டு பல்லி நூலேணியில் ஏறினான். வாழ்நாளில் முதன்முறையாக ஏறும்போதே பயந்தான். சட்டம் விளக்குச் சூட்டில் கொதித்தது. நடு மூட்டைத் தடவினான். பின் முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. நக அகலத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. தொட்டால் விழுந்துவிடுமோ என்று ஒரு கணம் கை அந்தரத்திலேயே நின்றது.

உள்ளே தள்ளினான். அடித்தான். கீழே மைக் இல்லாமல் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியல் சத்தம் கேட்டதும் ஓய்ந்து, அடித்து முடித்த பிறகு தொடர்ந்தது. கிளிப்பை மாட்டினான். பயம் போகவில்லை. இது கழன்றிருந்தால் மற்றவை? சட்டத்தோடு ஒட்டி ஊர்ந்து ஒவ்வொரு மூட்டாக விரலால் எண்ணிக்கொண்டே போனான்.

இறங்கியதும் மேஸ்திரி அருகில் வந்தார். தோளில் கை வைத்தார். கை கனத்தது. "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அதைக் கேட்டு அடுத்த பயம் ஆரம்பித்தது.

கச்சேரி முடிந்து இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

"நான் மேல இருந்தப்ப என்ன பாட்டு பாடினார்?" என்று கேட்டான்.

"தெரியல."

"உன் பக்கத்துலதானே நின்னார்?"

"பின்னாடி இருந்த அம்மா அப்படித்தான் சொன்னாங்க. என் நாற்காலியில கை வெச்சுக்கிட்டுதான் பாடினாராம்." அவள் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நான் உங்க காலையே பாத்துட்டிருந்தேன்."

பிறகு அவன் கால்சட்டைப் பைக்குள் கை விட்டு, துணியை வெளியே இழுத்து, உதறிப் பார்த்தாள்.