குழாயடிக்கு வந்த பர்மா பாஷை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் உருக்கமான கட்டுரை ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அக்காவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பரபரப்பும்தான் முந்திக்கொண்டு வருகின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது எப்போதும்வென்றானில். நானும் அங்கேதான் பிறந்தேன். ஊர்ப்பெயர் அக்காவுக்குப் பலித்தது. எனக்கு இன்னும் வாய்தா போட்டுக்கொண்டிருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டார்கள்; பின்னாளில் வேலை தேடி நானும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே அத்தான் தவறிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரச்சில்லும் நீலத்தாளும் வாங்கிவந்து, வீட்டிலேயே பெட்டி ஒட்டி மகனை வளர்த்தார்கள். மழை பொய்த்துக் கரிசலில் பருத்தியும் கம்பும் கருகிய வருடங்களிலும் ஒருவர் வாசலில் போய் நின்றதில்லை.

அந்த மகன் முருகையா ரங்கூனுக்குப் போய் அரிசி மில்லில் வேலை பார்த்தான். நம்மவர்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டிய காலம் வந்தபோது, ஒரு தகரப்பெட்டியோடும் ஒரு பர்மாக்கார மனைவியோடும் வந்து இறங்கினான். பெண்ணின் பெயர் மா சேன். தெரு அதை உடனே 'மாசானம்' ஆக்கிக்கொண்டது.

மா சேனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். "இவ இங்கன தங்க மாட்டா" என்று தெருவில் பேச்சு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் மெட்ராஸில் நிறைய இருக்கிறார்கள், அங்கே போய்விடலாமா என்று முருகையாவும் யோசித்தான். ஒரே மகன். போய்விட்டால் அக்காவுக்கு மிஞ்சுவது தீப்பெட்டிதான்.

"அவளுக்கு நாம தமிழ் சொல்லிக் கொடுப்போம்" என்றேன், நாலெழுத்துப் படித்தவன் என்ற மிதப்பில்.

"ஏலே, ஊரை விட்டு, தாயை விட்டு வந்திருக்கா. பாஷையையும் விடணுமாக்கும்? அவ பாஷையை நான் படிக்கேன்லே" என்றார்கள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மாதத்தில் இந்தி, ஒரே மாதத்தில் பிரெஞ்சு என்று ஆசை காட்டும் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தவன் நான். எந்த மொழியிலும் நான்காம் பாடத்தை நேரில் பார்த்ததில்லை. அக்காவிடம் இருந்தது பசைக்கிண்ணம் மட்டுமே. மருமகளை எதிரே உட்கார வைத்து ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவார்கள். அவள் பெயர் சொல்வாள். அன்று ஒட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே ஒட்டுவார்கள். தண்ணீர் 'யே'. சோறு 'தமின்'. உப்பு 'ஸா'. வா என்றால் 'லா'!

"சலிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"பெட்டி ஒட்டச் சலிச்சா அடுப்பு எரியுமாலே? சலிப்பைப் பாத்தா முடியாது. அதோட இதையும் சேத்து ஒட்டுதேன்."

அடுத்து அடுக்களையில் சட்டம் வந்தது: பர்மா பாஷையில் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும். உப்பில்லாத சாம்பாரை ஊமையாகவே நான் சாப்பிட்டுப் போன நாட்கள் உண்டு. பிறகு அந்தப் பாஷை குழாயடிக்கும் போயிற்று. பர்மாவில் ஒருவரைப் பார்த்ததும் 'சா பீ பீ லா?', அதாவது 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பார்களாம். இது தெரிந்த அன்று அக்காவைப் பிடிக்க முடியவில்லை. "ஏட்டி, அவியளும் நம்மள மாதிரிதான் கேக்காவ!" என்று குடம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வரிசையே அவளைப் பார்த்து 'சா பீ பீ லா?' என்று பாட, மா சேன் முதன்முதலாகச் சிரித்தாள். உச்சரிப்பு அந்த லட்சணம்.

ஒருநாள் காலை. மா சேன் முதல்முறையாகத் தனியே வெளியே கிளம்பினாள். அக்காவிடம் "த்வா மே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். 'த்வா' என்றால் போ என்பது அக்காவுக்குத் தெரியும். ஆக, 'போறேன்' என்கிறாள்! நம் பக்கம் வீட்டைவிட்டு இறங்குகிறவர் வாயில் 'போயிட்டு வாரேன்' என்றுதான் வரும். வெறும் 'போறேன்' என்றால் உறவை முறித்துக்கொண்டு போவது. பர்மாவில் கடைக்குப் போகிறவளும் அப்படித்தான் சொல்வாள் என்ற பாடத்துக்கு அக்கா இன்னும் வந்திருக்கவில்லை.

"ஏலே, போயிட்டாலே! டேசனுக்கு ஓடியாலே!"

பசைக் கையோடு அக்கா முன்னால்; வேட்டியைப் பிடித்தபடி நான் பின்னால். மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து "லா! லா!" என்று கத்தினார்கள். "அந்தம்மாவுக்கு என்ன அண்ணாச்சி?" என்று ஒருவர் இரக்கத்தோடு என்னைக் கேட்டார். "பர்மா பாஷை படிக்காவ" என்று சொல்லிவிட்டு அக்கா பின்னால் ஓடினேன்.

அப்போது பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் மா சேன், கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு. சந்தையில் நின்றவள் நாங்கள் ஓடுவதைப் பார்த்து, வீட்டில் ஏதோ விபரீதம் என்று பயந்து வந்திருக்கிறாள். அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டு, கைவசமிருந்த பர்மா பாஷை முழுவதையும் கொட்டினார்கள்: தண்ணீர், சோறு, உப்பு, சாப்பிட்டாச்சா, வா, வா! மா சேன் திகைத்தாள், பிறகு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள், அப்படியே அழுதாள். வண்டி போய்விட்டது.

விஷயம் விளங்கியதும் அக்கா சொன்னது: "இனிமே போயிட்டு வாரேன்னு சொல்லு தாயி. அந்த ஒரு தமிழ் எனக்குப் போதும்." அதுதான் மா சேன் கற்ற முதல் தமிழ். மற்றதையெல்லாம் அவளாகவே, நம் ஊர் இழுவையோடு, கற்றுக்கொண்டாள்.

கடைசி மாதங்களில் நெஞ்சுவலியால் அக்கா படுத்துவிட்டார்கள். அப்போதும் மருமகளிடம் தினம் ஒரு புதுச்சொல் கேட்டு வாங்கினார்கள். மா சேன் பார்த்துக்கொண்டதுபோல் பெற்ற மகளும் பார்த்திருக்க மாட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முருகையாவின் ரங்கூன் சிநேகிதர் வந்திருந்தார். "அம்மாவும் போயிட்டாங்க. மெட்ராஸுக்கு வந்திருங்க. அங்கே உங்க பாஷை பேச ஆள் இருக்கு" என்று மா சேனிடம் சொன்னார்.

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எதுக்கு அண்ணாச்சி? என் பாஷை பேச இங்கன ஒரு தெருவே இருக்குல்லா!"

மருந்து வாங்க ஓடியவர்களுக்கும், எப்போதும்வென்றானிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும்விட, குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்நிய மொழி பேசிய அந்தத் தெருப் பெண்களுக்கு எங்கள் கைகள் குவிகின்றன.