சாடு என்றால் குதி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வட்டாரச் சொற்களைச் சேர்க்கும் இணையதளத்தில், 'சாடு' என்றால் குதி என்று நேற்று எழுதியிருந்தேன். 'அது மலையாளம், நீக்குங்கள்' என்று யாரோ மறுத்திருக்கிறார். சென்டரை நடத்தும் ஸ்டெல்லா, எல்லையோரப் பாறசாலைத் தமிழ்க்காரி, எட்டிப் படித்துவிட்டுக் கொதிக்கிறாள்.

"மலையாளமா? அப்போ 'எட்டி, மதில்லேருந்து சாடாதே'ன்னு எங்க அம்மை ஏசினது எந்த பாஷையிலயாக்கும்?"

"அதையே எழுதட்டுமா?"

"எழுதுங்க சாரே!"

எழுதி அனுப்புகிறேன். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் தளத்தை நடத்துபவரின் பதில் வருகிறது: 'சொல் இருக்கட்டும். எடுத்துக்காட்டு பிரமாதம்.'

ஸ்டெல்லா போனை எடுத்துக் கூவுகிறாள்: "எம்மா, நீ என்னை ஏசினத லோகம் முழுக்கப் படிக்கப் போவுது!"