பௌலிங் பந்துக்குப் பாலிஷ்

பௌலிங் பந்து தேய்ப்பது என் தொழில் என்று சொன்னால், "எந்த டீமுக்கு? பேண்ட்டிலேயே தேய்ப்பீங்களா?" என்று கேட்கிற ஊரில் பிழைப்பு நடத்துகிறேன். கிரிக்கெட் பந்து இல்லை ஐயா. மால்களில் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தூக்கி, மரத்தளத்தில் உருட்டி, கடைசியில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கிறார்களே, அந்தக் கனத்த பந்து. தளத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள். ஆட ஆட அதைக் குடித்து, கீறலும் விழுந்து, பந்து சொன்ன பேச்சு கேட்காமல் போய்விடும். அப்போது அடையாறில் என் ஷெட்டுக்கு வரும். முன்பு அங்கே கார்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பொருளைப் புதுசாக்கித் தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

தேங்காய் நார்

மயிலாப்பூர் மாமி ஒருவர், அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது ஆடப் பழகி, திரும்பும்போது பந்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். மங்கிவிட்டது என்று கொண்டுவந்து காட்டினார். கீறல்கள் எல்லாம் வட்டவட்டமாக இருந்தன. ஆடி விழுந்த கீறல் அப்படி இருக்காது. விசாரித்தேன். பாத்திரம் தேய்க்கிற பவுடரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாராம்.

பந்தை மெஷினில் சுழலவிட்டு, முதலில் சொரசொரப்புத் தாள், அப்புறம் மெல்லிய தாள் என்று ஈரத்தோடு தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட்டேன். மாமி முகம் அதில் தெரிந்தது. இனிமேல் நார் மட்டும் வேண்டாம் மாமி என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "எங்காத்து வெங்கல உருளி அந்த நாருக்குத்தான் பளபளன்னு இருக்கு. இதுக்கு மட்டும் என்னவாம்?"

பளபளப்பு வேண்டாம்

ஸ்டெல்லாவுக்கு மாலில் பில் போடுகிற வேலை. அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார். வெளிநாடு போன யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய பந்தை வைத்தே ஆடி, மாநில அணித் தேர்வுவரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, வளைந்து போய்க் கட்டைகளை அடிக்க வேண்டிய பந்து நேராக வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

வெந்நீரில் முக்கினேன். உள்ளே இருந்த எண்ணெய் வியர்வை மாதிரி துளித்துளியாக வெளியே வந்தது. துடைத்து, மறுபடி முக்கி, அது நின்றபிறகு தேய்த்தேன். தளத்தைப் பிடித்து வளைய வேண்டும் என்பதால் பாலிஷ் போடவில்லை. கூட வந்த அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "இன்னா நைனா, சாம்பல் பூசுன மாரி கீது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

தேர்வு முடிந்ததும் ஸ்டெல்லா போன் செய்தாள். பந்து வளைந்ததாம். அணியில் ரிசர்வ் ஆளாக எடுத்திருக்கிறார்களாம். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "இது மீனா இருந்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்கோ நைனா. ஆனா என் பொண்ணு கைக்கு இதான் தோதா கீது."

இடது கை

வேளச்சேரி ரஹ்மதுல்லா பாய் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடக்கத் தெம்பு வந்ததும், பந்தின் பழைய ஓட்டைகளை அடைத்து, இடது கைக்குப் புது ஓட்டை போடவைத்து, மனைவியோடு என்னிடம் வந்தார். அடைத்த இடம் மேடாக இருந்தது. அதைச் சமமாக்க வேண்டும்.

தேய்க்கும்போது மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டேன். விரிசல் என்றால் பந்து அதோடு சரி. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். ஈரத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடைப்பின் ஓரம்தான். இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் கோடு மறைந்தது. அப்புறம்தான் மூவரும் டீ குடித்தோம்.

முதல் தடவை ஆடும்போது நீங்களும் வரணும் என்றார் பாய். போனேன். இடது கையால் உருட்டினார். பந்து மெதுவாக ஓடி, ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. பாய் தன் மனைவி பக்கம் திரும்பினார். "பள்ளத்துல விழுந்தா என்ன, அதுவரைக்கும் எவ்ளோ நேரா போச்சு பாத்தியா?"

ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் பந்து இம்மியளவு சிறுக்கிறது, என் தோள்வலி அதே அளவு பெருக்கிறது. ஆனாலும் காலையில் ஷெட்டைத் திறந்துவிடுகிறேன்.